வடிகட்டி சுத்தம், ஆனாலும் என்ஜின் சூடாகிறதென்றால்

நண்பரே, படகு என்ஜினைக் குளிர்விக்க உள்ளே வரும் கடல்நீரின் வடிகட்டியைக் கழுவியும், பாசி மிதக்கும் இடத்தைத் தாண்டினால் என்ஜின் சூடாகிறது என்கிறீர்கள். அடைப்பு அநேகமாக வடிகட்டிக்கு முன்னாலேயே இருக்கும்.

என்ஜினை நிறுத்தி, படகின் அடியில் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடி, அதிலிருந்து வடிகட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றுங்கள். மர அடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு வால்வை மெல்லத் திறந்து பாருங்கள். தண்ணீர் பீறிட வேண்டும். நூலாக ஒழுகினால் சிக்கல் அங்கேதான். உள்ளிருந்து ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் பாசி வெளியே போய்விடும். கொட்டலசு (ஓட்டோடு இறுக ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) ஒட்டியிருந்தால் அடியில் இறங்கிச் சுரண்டத்தான் வேண்டும். படகுக்கு வெளியே, நீர் நுழையும் வாயில் சல்லடை பொருத்தியிருந்தால் கம்பி அதில் முட்டி நிற்கும். அந்தச் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வகையாக மாற்றிவிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு, வடிகட்டியை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, வால்வுக்கு நேர் மேலாக வைப்பது. குழாயில் வளைவு கூடாது. மிதக்கும்போதே மூடியைத் திறந்து நேராகக் குத்திவிடலாம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த அமைப்பு.

அப்புறம், தண்ணீரில்லாமல் ஓடிய பம்பின் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை, கட்டாயம் பாருங்கள். இதழ் ஒன்று உடைந்திருந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். பெரும்பாலும், கடல்நீரால் என்ஜினின் சூட்டைத் தணிக்கும் வெப்பப் பரிமாற்றியின் வாயில் சிக்கியிருக்கும். இனி என்ஜினைக் கிளப்பியதும் புகை வெளியேறும் குழாயில் புகையோடு கடல்நீரும் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கள்.