போர் தண்ணீர் வரும் தனி வீட்டில் குழாய் ரிப்பேர் அடிக்கடி வராமல் இருக்க என்னென்ன பராமரிப்பு செய்ய வேண்டும்?

தனி வீடு, போர் தண்ணீர், மாடியில் 1000 லிட்டர் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் முதல் எதிரி உப்புதான். தண்ணீர் சூடாகும் இடம், சொட்டிக் காயும் இடம், திருகாமல் விட்ட இடம் எல்லாவற்றிலும் அது வெள்ளையாகப் படியும். பராமரிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

முதலில் வால்வுகள். டேங்க் அடியில் இருக்கும் கேட் வால்வையும், வாஷ்பேசின், ஃப்ளஷ் டேங்க், கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்குகளையும் (சுவரில் இருக்கும் சிறிய வால்வுகள்) வீடு கட்டிய நாளில் திறந்துவிடுவதோடு சரி, பிறகு யாரும் தொடுவதில்லை. ஸ்பிண்டிலில் (திருகும் தண்டில்) உப்பு ஏறி இறுகிவிடும். ஒரு நாள் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டும்போது திருகினால் அசையாது. அவசரத்தில் பைப் ரெஞ்ச் போட்டுத் திருப்பினால், வால்வோடு சேர்ந்து சுவருக்குள் இருக்கும் சிபிவிசி (சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக்) எல்போவும், அதாவது வளைவு இணைப்பும், திரும்பி முறியும். வாஷர் மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை, டைல்ஸை உடைக்கும் வேலையாகிவிடும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா வால்வையும் முழுக்க மூடித் திறந்துவிடுங்கள். கேட் வால்வை முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விட வேண்டும். கடைசி வரை இறுக்கி விட்டால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். ஏற்கனவே இறுகிப்போன ஆங்கிள் காக்கை முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். வினிகரில் நனைத்த துணியை இரவு முழுக்க ஸ்பிண்டிலில் சுற்றி வையுங்கள். காலையில் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், டேங்க் லைனை மூடிவிட்டு, அவசரம் இல்லாத ஒரு நாளிலேயே பிளம்பரை வைத்து மாற்றிவிடுங்கள். டேங்க் அடியில் மாற்றும் நிலை வந்தால் கேட் வால்வுக்குப் பதில் கைப்பிடி வைத்த பால் வால்வு (உள்ளே உருண்டை இருக்கும் வால்வு) போடச் சொல்லுங்கள். கால் திருப்பில் மூடும், போர் தண்ணீருக்கு அதுதான் பொருத்தம்.

ஆங்கிள் காக்கிலிருந்து போகும் ஸ்டீல் பின்னல் ஹோஸில் தண்ணீரைத் தாங்குவது உள்ளே இருக்கும் ரப்பர் குழாய்தான். பின்னலில் துரு தெரிந்தாலோ, ஒரு கம்பி இழை அறுந்து நின்றாலோ, நட்டு ஓரத்தில் உப்புப் பூத்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. நட்டைக் கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று கொடுத்தால் போதும். அங்கே ரப்பர் வாஷர் இருப்பதால் டெஃப்லான் டேப் வேண்டாம். டேப் சுற்ற வேண்டியது மரை உள்ள இணைப்பில். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

குழாய் நுனிச் சல்லடையையும் ஷவர் முகத்தையும் கழற்றி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரவு முழுக்க வினிகரில் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை இதற்குத் தொடாதீர்கள், குரோம் பூச்சு உரிந்துவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து.

கீசரை 50 முதல் 55 டிகிரிக்குள் வையுங்கள். 60-ஐத் தாண்டினால் உப்புப் படிவது வேகமாகும். சூடேறும்போது பொரிவது போலச் சத்தம் கேட்டால் எலிமெண்ட் மேல் உப்பு தடித்துவிட்டது என்று பொருள். வருடத்துக்கு ஒரு சர்வீஸ் செய்யும்போது எலிமெண்ட்டைச் சுத்தம் செய்வதோடு, உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அந்தக் கம்பிதான் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. அது மெலிந்து தீரும் நிலைக்கு வந்தும் மாற்றாவிட்டால் அடுத்து கரைவது டேங்க்தான். சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது சில சொட்டு விழுவது இயல்பு. அதை எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்க டேங்க்கே போதும். இரவு எல்லோரும் படுத்த பிறகு மோட்டாரை நிறுத்தி, டேங்க்கிலிருந்து இறங்கும் எல்லா வால்வையும் மூடி, தண்ணீர் மட்டத்தை உள்ளே ஒரு குச்சியில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அதே மட்டம் இருந்தால் டேங்க்கில் குறை இல்லை. அடுத்த இரவு ஒரு லைனை மட்டும் திறந்து வைத்து, அந்த லைனில் யாரும் குழாயைத் தொடாமல் பாருங்கள். 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 10 லிட்டர் எங்கோ போகிறது. பெரும்பாலும் அது சுவருக்குள் இருக்காது, ஃப்ளஷ் டேங்க்கில்தான் இருக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஃப்ளஷ் டேங்க்கில் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பைக்குள் நீலம் இறங்கினால் அடி வாஷர் உப்பேறி ஒழுங்காக உட்காரவில்லை. கழற்றிக் கழுவிப் பாருங்கள், ரப்பர் கெட்டியாகியிருந்தால் புதிது போடுங்கள்.

மொட்டை மாடியில் வெயில் படும் பிவிசி, சிபிவிசி குழாய்கள் சில வருடத்தில் வெளுத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதன் கரைப்பான் சிபிவிசியைக் கெடுக்கும்.

கழிவுநீர்ப் பக்கம் சமையலறைதான் முக்கியம். கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை சிங்க்கில் ஊற்றுவது நம் வீடுகளில் சாதாரணம். அந்தச் சூட்டில் பிவிசி இளகித் தொய்யும். ஆறிய பிறகு கஞ்சி, மாவு கழுவிய தண்ணீர், எண்ணெய் மூன்றும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் பசையாக ஒட்டும். அதன் மேல் டீத்தூளும் தேங்காய்த் துருவலும் பிடித்துக்கொண்டால் அடைப்பு தயார். கஞ்சியை ஆறவிட்டுச் செடிக்கு ஊற்றுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சிங்க்கில் சல்லடை நிரந்தரமாக இருக்கட்டும். மாதம் ஒரு முறை கீழே வாளி வைத்து சிங்க்குக்கு அடியில் இருக்கும் குப்பி போன்ற பாட்டில் ட்ராப்பைக் கையால் கழற்றிக் கழுவுங்கள், அடைப்பு நீக்கும் பவுடருக்கு வேலையே இருக்காது.

பாத்ரூம் தரைத் துளைக்கு அடியில் இருக்கும் நஹானி ட்ராப்பில் எப்போதும் நிற்கும் சுமார் 50 மி.மீ. தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. புழங்காத பாத்ரூமில் அது வற்றிவிடும், வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குப் போய் வர ஒரு மாதம் ஆகும் என்றால், தண்ணீர் ஊற்றி அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுச் செல்லுங்கள், சீக்கிரம் ஆவியாகாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால் செப்டம்பருக்குள் வெளிச் சேம்பர்களின் (கழிவுநீர்க் குழாய்கள் சேரும் மூடிய குழிகளின்) மூடியைத் திறந்து மண்ணை அள்ளுங்கள். சேம்பருக்குள் மெல்லிய வேர் நூல் போலத் தொங்கினால் பக்கத்து மரம் குழாய் இணைப்புக்குள் புகுந்துவிட்டது. இப்போதே வெட்டி எடுத்து, இணைப்பைச் சரிசெய்துவிடுங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் இலைச் சருகை எடுத்துவிட்டு, மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். மழைநீர்க் குழாய் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்ந்திருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். பெருமழையில் அந்தச் சேம்பர் நிரம்பினால் தரைத்தளக் கழிவறை வழியாகத்தான் தண்ணீர் மேலே வரும்.