படித்த கோச், பக்குவமான கோச் ஆவது எப்படி?

கேள்வி: பத்து வருடம் மனிதவளத் துறையில் இருந்துவிட்டு, மூன்று வருடமாக, மேலாளர்கள் தங்கள் சிக்கல்களைப் பேசித் தாங்களே வழி காண உதவும் தலைமைத்துவ கோச்சாக இருக்கிறேன். சான்றிதழ் இருக்கிறது, நிறையப் படித்தும் இருக்கிறேன். "உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேன்" என்று கிளையண்ட்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். மூத்த கோச்களிடம் காணும் பக்குவம் எனக்கு எப்படி வரும்? அடுத்து எந்த கோர்ஸில் சேரலாம்?

பதில்: இப்போதைக்கு எதிலும் சேர வேண்டாம். "நிறையக் கத்துக்கிட்டேன்" என்று கிளையண்ட் சொல்லும் நாளில், அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசியது யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

எனக்கு இது உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதிதாகப் பதவி உயர்வு பெற்ற மேலாளர் ஒருவர். உட்கார்ந்ததுமே, "மீட்டிங்னா என் டீம்ல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க" என்றார். குழுவில் பயமில்லாமல் பேசும் சூழலைப் பற்றி அந்த வாரம்தான் படித்திருந்தேன். கை பரபரத்தது. தாளை இழுத்து நான்கு கட்டம் போட்டு, கால் மணி நேரம் விளக்கினேன். அவர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மனதார நன்றி சொன்னார். இரண்டு வாரம் கழித்து வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதே நான்கு கட்டத்தைத் திரையில் போட்டு டீமுக்கு இருபது நிமிடம் விளக்கினாராம். அன்றும் ஒருத்தரும் பேசவில்லை.

அவர் டீமிடம் செய்துகொண்டிருந்ததைத்தான் நான் அவரிடம் செய்திருந்தேன். இது தற்செயல் அல்ல. நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே நடப்பது, அந்தச் சிகிச்சையாளர் தன் மேற்பார்வையாளரிடம் பேசும்போதும் பிரதிபலிக்கிறது என்று ஹெரால்ட் சேர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955-ல் எழுதினார். கோச்சிங் அறையிலும் அதைப் பார்க்கலாம். கிளையண்டின் அலுவலகத்தில் நடப்பது உங்கள் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்.

அன்று அவரிடம் சொன்னேன்: "போன தடவை நான் உங்களுக்குப் பாடம் எடுத்துட்டேன்னு தோணுது. அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீங்க கேப்பீங்கன்னு நினைச்சு ஒண்ணு சொல்ல வந்தேன். சொல்லலை" என்றார். அவருடைய டீம் ஏன் பேசுவதில்லை என்பது அங்கிருந்துதான் அவருக்கே புரிய ஆரம்பித்தது.

நான் போட்ட கட்டங்களில் பிழை இல்லை. இந்த ஆளுக்கு, இந்த நிமிடத்தில் அது வேண்டுமா என்று பார்க்கும் கண்தான் என்னிடம் இல்லை. இளைஞர்கள் கணிதத்தில் வல்லவர்களாகலாம், ஆனால் நடைமுறை விவேகம் அவர்களிடம் அரிது, அது தனித்தனி நிலைமைகளைப் பற்றியது, பழகப் பழகத்தான் வரும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதைத்தான்.

அப்படியானால் அனுபவம் கூடினால் போதுமா? சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப், ஏசிசி என்ற முதல் நிலைச் சான்றிதழுக்கு 100 மணி நேரமும், அடுத்த நிலையான பிசிசிக்கு 500 மணி நேரமும், உச்ச நிலையான எம்சிசிக்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் அனுபவம் கேட்கிறது. நியாயமான அளவுகோல்தான். ஆனால் திரும்பிப் பார்க்காத மணி நேரம் கணக்கில் ஏறும், ஆளுக்குள் இறங்காது.

அதனால் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். செஷன் முடிந்ததும் பத்து நிமிடம் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கிளையண்ட் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதுங்கள். அதைக் கேட்டதும் உங்களுக்குள் என்ன எழுந்தது, உடனே என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "நான்" என்று எழுதாமல், வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் எழுதுங்கள்: "அவர் குரல் தழுதழுத்தது. கோச்சுக்குச் சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றினார்." சொந்தப் பிரச்சினையைவிடப் பிறர் பிரச்சினையை மனிதர்கள் விவேகமாக அலசுகிறார்கள் என்றும், தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் மறைகிறது என்றும் உளவியலாளர்கள் ஈகோர் கிராஸ்மனும் ஈதன் க்ராஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். குறிப்பில் கிளையண்டின் பெயரோ நிறுவனமோ வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு குறிப்பு சேர்ந்ததும் ஒரே மூச்சில் படியுங்கள். எதிரில் இருப்பவர் கலங்கும்போதெல்லாம் நான் விளக்கம் சொல்லத் தாவியிருக்கிறேன் என்பது என் குறிப்புகளில்தான் தெரிந்தது. அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, அந்தக் கலக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. படித்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை எனக்கு.

அந்தக் குறிப்புகளோடு ஒரு சூப்பர்வைசரிடம், அதாவது கோச்களோடு உட்கார்ந்து அவர்கள் வேலையை அலசும் மேற்பார்வையாளரிடம், போங்கள். மென்டர் கோச் உங்கள் திறமையைப் பார்ப்பார். சூப்பர்வைசர் உங்களையும், உங்களுக்கும் கிளையண்டுக்கும் இடையே நடப்பதையும் பார்ப்பார். உங்களுக்கு இப்போது வேண்டியது இரண்டாமவர்.

ஒரு எச்சரிக்கை. பக்குவம் என்றால் வாய்மூடி இருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊழியரை நீக்கும் கடிதத்தில் நாளை கையெழுத்துப் போட வேண்டியவர் "இதை எப்படிச் சொல்றது?" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்பது கொடுமை. தெரிந்ததைச் சொல்லுங்கள். தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் ஒருவர் சொன்னால், அது கோச்சிங்கின் எல்லையைத் தாண்டிய விஷயம். மனநல நிபுணரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால், எங்கே திரும்பத் திரும்பத் தடுமாறுகிறீர்கள் என்று குறிப்புகளைப் பார்த்து, அதற்கான கோர்ஸில் சேருங்கள்.