தேநீர்க் கோப்பைக்குள் கப்பல்: வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறதா?

ஆசிரியரிடம் காட்ட, தேநீர்க் கோப்பைப் படத்துக்குள் கப்பல் படத்தைச் சேர்த்தேன், ஓரத்தைச் செதுக்கியும் ஒட்டியதுபோலவே தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலின் ஓரத்தை இன்னும் செதுக்க வேண்டாம், அதன் நிழலின் கறுப்பைச் சரிசெய்யுங்கள். போட்டோஷாப்பில் கப்பல் லேயருக்கு (படத்தின் அந்த அடுக்குக்கு) மேல், வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றும் லெவல்ஸ் லேயரைக் கிளிப் செய்து, அதாவது கப்பலை மட்டும் பாதிக்கும்படி இணைத்து, அதிலுள்ள அவுட்புட் பட்டையின் இடமுனையை 0-இலிருந்து 20 வரை நகர்த்திப் பாருங்கள்; கறுப்பு சாம்பலாக வெளிறும்.

கோப்பையை ஜன்னலோர மங்கிய ஒளியில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். கப்பலோ உச்சி வெயில் படம். அதன் நிழல் கரிக்கட்டையாக இருக்கும், கோப்பையின் நிழல் வெறும் சாம்பல். நானும் இதில் ஒரு வாரம் வீணடித்திருக்கிறேன்.

சோதிக்க, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு கறுப்பு வெள்ளை லேயர் போடுங்கள். நிறம் போன பிறகும் கப்பல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் காரணம் இந்தக் கறுப்பு வேறுபாடுதான்.

இரண்டு படங்களிலும் ஒளி எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்திருந்தால் இது உதவாது. கப்பலை இடவலமாகத் திருப்பலாம். ஆனால் அதில் எழுதியுள்ள பெயரும் திரும்பிவிடும், ஆசிரியர் கண்ணில் முதலில் அதுதான் படும்.