குகைக்குள்ளோ மூழ்கிய கப்பலுக்குள்ளோ டைவ் செய்யும்போது, திரும்பி வர வழிகாட்டும் வழிக்கயிறு எப்போது போட வேண்டும்? வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் என்றாலும் தேவையா?

நானும் ஒரு காலத்தில் தூரத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். பத்து மீட்டர்தானே, வெளிச்சம் தெரிகிறதே என்று. அந்தக் கணக்கை மாற்றியது ஒரு சரக்குக் கப்பலின் உள்ளறை.

அன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நானும் கூட வந்தவரும் ஒரு கதவு வழியாக நுழைந்தோம். எட்டு மீட்டர்கூட இருக்காது. கயிறு சுற்றிய ரீல் என் இடுப்பு வளையத்தில்தான் தொங்கியது, கழற்றவில்லை. நான் ஒரு வால்வின் மேல் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் மூச்சுக் குமிழ்கள் கூரையில் முட்டி வருடக்கணக்கான துருவைப் பெயர்த்துக் கொட்டியிருக்கின்றன. கூட வந்தவரின் கால் துடுப்பு (ஃபின்) தரை வண்டலைக் கிளறியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கதவைக் காணோம். காற்றின் அளவு காட்டும் பிரஷர் கேஜை மாஸ்க்கோடு ஒட்டி வைத்து டார்ச் அடித்தும் ஒரே பழுப்பு. சுவரைத் தடவிக்கொண்டே போனேன், ஒரு மூலை வந்தது. தப்பான மூலை. அவர் என் கணுக்காலை விடாமல் பிடித்திருந்தார். சில நிமிடங்கள் கழித்து இடது பக்கம் மங்கலாக ஒரு பச்சை வெளிச்சம் தெரிந்தது. அதுதான் கதவு.

அப்புறம் எந்த வாசலிலும் நான் என்னைக் கேட்டுக்கொள்வது இதுதான்: உள்ளே போனபின் யாராவது என் கண்ணைக் கட்டிவிட்டால் நானாக வெளியே வர முடியுமா? 'முடியும்' என்று உடனே வாயில் வராவிட்டால் கயிறு போட்டுத்தான் நுழைவேன். நுழையும்போது தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. திரும்பி வருவது நாம் கலக்கிவிட்ட தண்ணீரில்.

இதையே வைத்துப் பார்த்தால் கயிறு வேண்டாத இடமும் உண்டு. குட்டையான பாறை வளைவு, இந்தப் பக்கம் நின்றாலே அந்தப் பக்கம் தெரிகிறது, இரண்டு பேர் ஒன்றாகப் போகலாம், தரையில் வண்டல் இல்லை. அங்கே கயிறு போட்டால் பின்னால் வருகிறவர் காலில்தான் சுற்றும். நடுவில் ஒரு திருப்பமோ கிளையோ இருந்தால் மட்டும் கதை வேறு.

குகை என்றால் விவாதமே இல்லை. திறந்த தண்ணீரிலிருந்தே, அறுபடாமல் ஒரே கயிறு. ஃபுளோரிடாவின் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி குகை டைவிங் மரணங்களை அலசி 1979-ல் ஒரு கையேடு எழுதினார். தொடர்ச்சியான கயிறு இல்லாமல் போனதை அதில் முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். முதல் கட்டு வெளியே, நேராக மேலே எழும்ப முடிகிற இடத்தில். இரண்டாவது, வாசலுக்குச் சற்று உள்ளே. ஒன்று அவிழ்ந்தாலும் இன்னொன்று பிடிக்கும்.

பலர் சோம்பல் படுவது இதற்கு அடுத்த கட்டத்தில். பேர்போன குகைகளில் நிரந்தரக் கயிறு ஏற்கெனவே கிடக்கும், ஆனால் பெரும்பாலும் வாசலிலிருந்து தள்ளி, உள்ளே போய்த்தான் ஆரம்பிக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு நுழைந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். அதுவரை நம் ரீல் கயிற்றைத்தான் கொண்டுபோய் அதில் இணைக்க வேண்டும். கிளை வழிக்குத் தாவும்போதும் அப்படியே. இடைவெளி மூன்று மீட்டர்தான், அடுத்த கயிறு அதோ தெரிகிறது என்று தோன்றும். வண்டல் எழும்பினால் அந்த 'அதோ' இருக்காது.

2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் பிரிட்டிஷ் குகை டைவர் ஜான் வொலாந்தன் பின்னால் வருகிறவர்களுக்காகக் கயிறு போட்டுக்கொண்டே போனார். கயிறு தீர்ந்த இடத்தில் தலையை வெளியே எடுத்தபோதுதான் உள்ளே சிக்கியிருந்த சிறுவர்கள் இருந்த இடம் தெரிந்தது. அவ்வளவு அனுபவசாலியும் கயிற்றோடுதான் போயிருக்கிறார்.

ஆனால் ஏனோதானோவென்று போட்ட கயிறு, கயிறே இல்லாததைவிட மோசம். தொய்வாக விட்டால் சிக்கும். இறுக்கும்போது அது ஒரு சந்துக்குள் நழுவிப் போனால், கயிறு போகிற வழியில் உடம்பு போகாது. கப்பலில் துருப்பிடித்த விளிம்பு அதை அறுத்துவிடும், கட்டுகிற கம்பியே கையோடு பெயர்ந்து வரும். கயிறு நைலானாக இருக்கட்டும், அது தாழும். பாலிப்ரொப்பிலீன் மிதந்து வந்து நம் மேலேயே சுற்றும்.

ரீல் வாங்கிவிட்டதால் மட்டும் உள்ளே போகலாம் என்றும் ஆகிவிடாது. பொழுதுபோக்கு டைவிங்கில் கப்பலுக்குள் போவதற்கே, வெளிச்சம் தெரிகிற பகுதிக்குள் மட்டும், ஆழமும் உள்ளே போகிற தூரமும் சேர்த்து மேற்பரப்பிலிருந்து 40 மீட்டர் என்று எல்லை சொல்லித் தருகிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது குகைக்காரர்களின் பழைய கணக்கு. அந்தப் பயிற்சி இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு என் பதில், நுழையாதீர்கள்.

பயிற்சியைத் தரையிலேயே தொடங்கலாம். மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வளையத்துக்குள் கயிற்றை ஓடவிட்டு நடந்து பாருங்கள். இழுக்கக் கூடாது. எனக்கு முதல் தடவை நாலாவது மரத்திலேயே கை நழுவி, கயிறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன்.