ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் தங்கும் நீர் எங்கே போகிறது?

அப்பென்டிக்ஸ் வெடித்து ஆபரேஷன் ஆனவருக்கு, நாலு நாள் கழித்து எடுத்த ஸ்கேனில் 'வயிற்றில் லேசாக நீர்' என்று வந்திருக்கிறது, அது தானாகப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில் சர்ஜரி வார்டு நர்ஸ் நான். எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது.

பெரும்பாலும் போய்விடும். வயிற்றைக் கழுவ ஊற்றும் சலைனை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் குடல் மடிப்புகளுக்குள் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். புண்பட்ட இடமும் கசியும். குடலைப் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வை விரித்தால் கிட்டத்தட்ட நம் தோலின் பரப்பளவுக்கு வரும். வெறும் சலைன் என்றால் மணிக்குச் சுமார் 30 முதல் 60 மில்லி வரை அது உறிஞ்சிக்கொள்ளும்.

ரத்த அணு, புரதம் போன்ற பெரிய சரக்குக்கு வழி வேறு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. 1863-லேயே ஃபான் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மானியர் இதை எழுதிவிட்டார். மூச்சை விடும்போது துளைகள் திறந்து நீர் உள்ளே போகும். மூச்சை இழுக்கும்போது தசை இறுகி அதை நெஞ்சுப் பக்கத்து நிணநீர்க் குழாய்களுக்குத் தள்ளும். அங்கிருந்து கழுத்தடியில் சிரையோடு கலந்து, வேண்டாத நீர் சிறுநீராகப் போய்விடும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவி நுரையீரலுக்காகக் கொடுப்பது என்றாலும், ஆழமாக மூச்சை இழுத்து விட்டால் இந்த வேலையும் சேர்ந்து நடக்கும். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். ஊதக்கூடாது, உறிஞ்சணும்!

ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, "தண்ணி போக மாத்திரை எழுதச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். அந்த மாத்திரை ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்ப்பவர்களுக்கு. இதற்கு உதவாது.

சீழ் மட்டும் இப்படிக் கரையாது. உடல் அதைச் சுற்றிச் சுவர் கட்டிவிடும். பெரிதாக இருந்தால் ஸ்கேன் பார்த்து ஊசியாலோ ட்யூபாலோ எடுக்க வேண்டியிருக்கும். காய்ச்சல், வாந்தி, வயிறு உப்பிக்கொண்டே போவது, காற்று பிரியாதது, வலி கூடுவது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்று நீர் வடிய ட்யூப் போட்டிருந்தால் அதன் பையைப் பாருங்கள். இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளாகி அளவும் குறைந்து வந்தால் சரி. பச்சையாக, கலங்கலாக, நாற்றத்தோடு வந்தாலோ திடீரென்று ரத்தமாக வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆனதும் மலை ஏறலாமா என்றும் அந்த அம்மா கேட்டார். 20 கொண்டை ஊசி வளைவில் உள்ளிருக்கும் நீருக்கு ஒன்றும் ஆகாது, தையல்தான் இழுக்கும். டாக்டர் சரி என்றால் போகலாம், சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு.