கோச் நாற்காலி எத்தனை நாளைக்கு? கேள்வி பதில்

போன ஞாயிறு கோயில் சாப்பாட்டு வரிசையில் ஒரு தம்பி, "ஆறு ஆட்டம் வரிசையா தோத்துட்டாங்க, இன்னும் அந்த கோச்சை ஏன் வெச்சிருக்காங்க?" என்று ஆரம்பித்தார். ரசம் வருவதற்குள் அது சண்டையாகிவிட்டது. கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதுகிறேன் என்றேன். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் இரண்டாம் டிவிஷன் ஃபுட்பால் கிளப்பில் ஒன்பது வருஷம் டீம் மேனேஜராக இருந்தவன். பஸ், ஹோட்டல், மஞ்சள் கார்டு கணக்கு, சேர்மனுக்கும் கோச்சுக்கும் நடுவில் சேதி சுமப்பது எல்லாம் என் தலையில். அந்த ஒன்பது வருஷத்தில் ஐந்து கோச்சுகளை வழியனுப்பியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த், யூனிட் 3: அங்கிள், எத்தனை தோல்வி ஆனா வேலை போகும்? ஒரு கணக்கு இருக்கா?

கணக்கு இல்லை தம்பி. ஆனால் காலண்டர் இருக்கிறது. நம்ம நாட்டு முதல் டிவிஷனான பி.எஸ்.எல்.லில் 16 அணி, ஆளுக்கு 30 ஆட்டம். கடைசி அணி நேரே கீழே போகும். பதினைந்தாவது அணி, கீழ் டிவிஷனில் இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்த அணிகளோடு பிளே-ஆஃப் ஆடி உயிர் பிழைக்க வேண்டும். கீழே போனால் டிவி வழியாக வருகிற மாதப் பணம் போகும், ஸ்பான்சர் போவார், நல்ல ஆட்டக்காரர்களும் போவார்கள். சேர்மனுக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது அதுதான், ஆறு தோல்வி இல்லை.

ஆகவே எத்தனை தோற்றார் என்று எண்ணாதீர்கள், அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். தேசிய அணி ஆட்டங்களுக்காக லீக் இரண்டு வாரம் நின்றால் அது ஆபத்தான நேரம். புது ஆள் வந்து பயிற்சி கொடுக்க அந்த இரண்டு வாரம் கிடைக்கும். ஜனவரியில் ஆள் வாங்கும் ஜன்னல் திறப்பதற்கு முந்தைய டிசம்பர் அதைவிட ஆபத்து. போகப்போகிற கோச்சு கையில் ஜனவரிப் பணத்தைக் கொடுக்க எந்த சேர்மனுக்கும் மனசு வராது. அதே ஆறு தோல்வி பிப்ரவரி நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருப்பார்கள்.

நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எங்க ஊர் அணி கோச் ஃபட்லு டேவிட்ஸை வேலையை விட்டு எடுத்தது சரியா? இன்னும் மனசு ஆறலை.

எனக்கும் ஆறவில்லை. 2017-18இல் மாரிட்ஸ்பர்க் யுனைட்டட் லீக்கில் நாலாவது இடம், நெட்பேங்க் கப் என்ற நாக்-அவுட் போட்டியில் ஃபைனல். அந்த அணிக்கு அது பெரிய வருஷம். அதே ஆளை 2018 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அனுப்பினார்கள். நடுவில் என்ன ஆச்சு? நல்ல சீசன் ஆடினால் நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய கிளப்புகள் தூக்கிக்கொண்டு போகும். சின்ன கிளப்பு கோச்சுக்கு வெற்றியே வினை.

அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்த எர்டுக்ராலும் சில வாரத்தில் போனார். மூன்றாவதாக வந்த எரிக் டிங்க்ளர்தான் பிளே-ஆஃப் வழியாகக் காப்பாற்றினார். ஒரே சீசனில் மூன்று கோச். டிங்க்ளரைப் பார்த்து "மாத்தினது சரிதானே" என்பவர்கள் எர்டுக்ராலை வசதியாக மறந்துவிடுகிறார்கள். டேவிட்ஸ் அதற்குப் பிறகு ரஷ்யா, மொராக்கோ என்று சுற்றி, தான்சானியாவின் சிம்பாவை 2025இல் ஆப்பிரிக்கக் கான்ஃபெடரேஷன் கப் ஃபைனல்வரை கொண்டுபோனார். ஆள் ஒன்றும் மக்கு இல்லை.

லெனேசியா: அண்ணே, நான் கைசர் சீஃப்ஸ் கிளப்பு ரசிகன். திட்டாதீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் கோச் நிக்கவே மாட்டேங்கறாங்க?

திட்டவில்லை, கூடவே உட்கார்ந்து அழுகிறேன். 2018 ஏப்ரல் 21, டர்பன் மோசஸ் மபிதா ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். நெட்பேங்க் கப் அரையிறுதி, ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸிடம் 0-2. விசில் ஊதினதுதான் தெரியும், கூட்டம் வேலி தாண்டிவிட்டது. நாற்காலி பறக்கிறது, கேமரா உடைகிறது, ஒரு செக்யூரிட்டி ஆளைப் போட்டு மிதிக்கிறார்கள். என் மகனை நாற்காலி வரிசைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டு, வெளியே போகும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீஃப்ஸ் கோச் ஸ்டீவ் கொம்ஃபெலா அன்றைக்கே ராஜினாமா சொல்லிவிட்டார். மூன்று சீசன், ஒரு கோப்பையும் இல்லை.

அதற்குப் பிறகு வரிசையைப் பாருங்கள்: சோலினாஸ், மிடன்டார்ப், கேவின் ஹன்ட், பாக்ஸ்டர், ஆர்தர் ஸ்வானே, ன்ட்செகி, கேவின் ஜான்சன், நபி. மிடன்டார்ப் 2019-20 கிட்டத்தட்ட முழுக்க முன்னணியில் இருந்து கடைசி நாளில் பட்டத்தை சன்டவுன்ஸிடம் விட்டார், சில நாளில் வெளியே. ஹன்ட் கதைதான் எனக்கு வயிற்றெரிச்சல். சூப்பர்ஸ்போர்ட் கிளப்பில் வரிசையாக மூன்று லீக், விட்ஸ் கிளப்பில் ஒன்று என்று ஜெயித்தவர். அவர் வரும்போது ஃபிஃபா தடையால் சீஃப்ஸ் புது ஆள் வாங்க முடியாது. சமையல்காரனைக் கூப்பிட்டு, அடுப்பைப் பூட்டிச் சாவியை மறைத்து வைத்த மாதிரி. 2021 மே மாதம், லீக்கில் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அனுப்பினார்கள். அப்போது கிளப்பு ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இருந்தது! ஜூலையில் ஃபைனலில் 0-3. எதிரில் எகிப்தின் அல் அஹ்லி, அதன் கோச் யார்? நம்ம நாட்டு பிட்சோ மொசிமானே.

2015க்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை வர 2025 மே 10 ஆனது. அதே மோசஸ் மபிதா, நெட்பேங்க் கப் ஃபைனலில் ஓர்லாண்டோ பைரட்ஸை 2-1. வாங்கிக் கொடுத்த நபியும் அந்த வருஷம் முடிவதற்குள் பிரிந்துவிட்டார். இவ்வளவு பேர் மாறியும் நோய் மாறவில்லையென்றால் மருத்துவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆட்டக்காரரை யார் தேர்ந்தெடுக்கிறார் என்று கேளுங்கள். அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்து நான் பார்த்ததில்லை.

ஃபீனிக்ஸ்: நான் சட்டம் படிக்கிறேன் அங்கிள். நம்ம நாட்டுத் தொழில் சட்டம் இவ்வளவு கடுமையா இருக்கும்போது கோச்சை மட்டும் எப்படி ஒரே நாளில் தூக்குறாங்க?

நல்ல கேள்வி கண்ணு. சட்டத்தை நீ என்னைவிட நன்றாகப் படிப்பாய், நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி, வேலையில் திறமை போதவில்லை என்று ஒருவரை நீக்க வேண்டுமென்றால் குறை எதுவென்று சொல்ல வேண்டும், திருத்திக்கொள்ள நியாயமான அவகாசமும் உதவியும் கொடுக்க வேண்டும், அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். சனிக்கிழமை தோற்று திங்கட்கிழமை நீக்கினால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

அதனால்தான் நீ செய்தியில் 'நீக்கம்' என்ற சொல்லை அதிகம் பார்க்க மாட்டாய். 'இரு தரப்பும் பேசிப் பிரிந்தார்கள்' என்று வரும். இல்லையென்றால் 'ஸ்பெஷல் லீவ்'. நம்ம ஊரின் தனிக் கண்டுபிடிப்பு மாதிரி ஆகிவிட்டது அது. சம்பளம் ஓடும், ஆள் மைதானத்துக்கு வரக் கூடாது, வக்கீல்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது வழி, தலைமை கோச்சை 'டெக்னிக்கல்' என்று தொடங்கும் ஏதோ ஒரு பதவிக்கு மாடியேற்றி விடுவது.

ஒப்பந்தம் இரண்டு மூன்று வருஷக் குறித்த காலத்துக்கு இருக்கும். முன்கூட்டியே முறிக்க அதில் வழி எழுதியிருக்காவிட்டால், முறிப்பவர் மிச்சக் காலத்துச் சம்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இங்கேதான் 'மேண்டேட்' வருகிறது. முதல் எட்டுக்குள் வர வேண்டும், ஒரு கப் ஃபைனல் என்று இலக்கை எழுதி, வராவிட்டால் இத்தனை மாதச் சம்பளத்தோடு பிரியலாம் என்று ஒரு வரி. கோச்சு கையெழுத்துப் போடும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டு ஃபோட்டோ எடுப்பார்கள். அந்த வரியை யாரும் உரக்கப் படிக்க மாட்டார்கள்.

வெளிநாட்டு கோச்சுக்கு இன்னொரு கதவும் உண்டு. ஃபிஃபா 2021 ஜனவரி முதல் கோச்சுகளுக்கென்றே விதி வைத்திருக்கிறது. காரணமில்லாமல் முறித்தால் மிச்ச ஒப்பந்த மதிப்பு கொடுக்கணும். அதே காலத்தில் அவர் வேறு வேலையில் சம்பாதித்தால் அது கழியும். உள்ளூர் கோச்சுக்கு லீக்கின் தகராறு தீர்க்கும் மன்றம்தான் வழக்கமான வாசல்.

டோங்காட்: வேலை போகவே போகாத கோச் யாராவது உண்டா?

உண்டு. ஜோமோ சோனோ. 1983இல் ஹைலண்ட்ஸ் பார்க் கிளப்பை வாங்கி ஜோமோ காஸ்மோஸ் என்று பேர் வைத்தார். முதலாளியும் அவரே, கோச்சும் அவரே. அணி பல தடவை கீழே இறங்கியது, அவர் ஒரு தடவையும் இறங்கவில்லை.

மெரபேங்க்: தம்பி, நீங்க அஞ்சு பேரை அனுப்பினேன்னு சொன்னீங்க. அந்த நாள் எப்படி இருக்கும்? அவங்க வீட்டு ஆளுங்களை யாரும் நினைக்கறதே இல்லை.

அக்கா, இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு சேர்மன் போன் செய்தார். "நீ போய் கார் சாவியை வாங்கிட்டு வந்துடு." அவ்வளவுதான். கோச்சிடம் அவரே பேசிவிட்டாரா என்று கேட்டேன், பதில் இல்லை. மைதானத்துக்குப் போனால் மனுஷன் வழக்கம்போல கோன்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார், இரவு மழையில் புல் ஈரம். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நிமிர்ந்து, "பசங்க வந்தாச்சா?" என்றார். இல்லை என்றேன். "நல்லது."

காரின் டிக்கியைத் திறந்து சாமானை இறக்கினார். பந்துப் பை, பம்ப், ஒரு பழைய ஸ்டாப்வாட்ச். பயிற்சியில் மாட்டும் பிப்புகளை எங்கள் கிளப்பில் துவைக்க ஆளில்லை, அவர் மனைவிதான் வீட்டில் துவைத்துக் கொடுப்பார். மஞ்சள் ஒரு கட்டு, ஆரஞ்சு ஒரு கட்டு, இஸ்திரி போட்ட மாதிரி மடித்து வைத்திருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு, "எண்ணிக்கோ, ஒண்ணு குறைஞ்சா அப்புறம் என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். எண்ணினேன். இருபத்திரண்டு, சரியாக இருந்தது. பிறகு அவரை என் காரில் வீட்டில் விட்டேன். வாசலில் அவர் மகள் பள்ளிச் சீருடையில் நின்றாள், அப்பா இந்நேரத்தில் ஏன் வந்தார் என்று.

அவருக்குச் சேர வேண்டிய மூன்று மாதப் பணம் வர பதினோரு மாதம் ஆனது. கிளப்பு பேர் வேண்டாம்.

வெருலம்: மாத்தினா உண்மையில் பலன் உண்டா? புது கோச் வந்ததும் ஜெயிக்கறாங்களே!

ஜெயிப்பார்கள். கேள்வி என்னவென்றால், மாற்றாமல் விட்டிருந்தால்? நெதர்லாந்தில் பாஸ் டெர் வேல் என்ற பொருளாதார ஆய்வாளர் 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல் டிவிஷனை எடுத்துப் பார்த்தார். அதே அளவு சறுக்கியும் கோச்சை மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டால், மாற்றினதால் தனி லாபம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் எழுந்துகொண்டது. ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்பதில் பாதி கெட்ட நேரம். பந்து போஸ்டில் பட்டு வெளியே போவது எப்போதும் நீடிக்காது. நீடிக்காமல் போகும் நேரத்தில் யார் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குப் பேர்.

ஆனால் ஒன்று: ஆட்டக்காரர்கள் கோச்சின் பேச்சை விட்டுவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அதை ஸ்கோரில் பார்க்க முடியாது, சாப்பாட்டு மேசையில் பார்க்கலாம். கோச் உள்ளே வந்ததும் சத்தம் அடங்கினால் வேலை இருக்கிறது. அதே சத்தம் தொடர்ந்தால் நான் அடுத்த ஆளுக்கு ஹோட்டல் அறை பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

யூனிட் 7, சாட்ஸ்வொர்த்: மேனிங் ரேஞ்சர்ஸ் காலத்துல இப்படியா இருந்தது?

ஐயா, அந்தப் பேரைச் சொன்னதும் எனக்கு வயசு குறைகிறது. 1996-97, பி.எஸ்.எல்.லின் முதல் சீசன், முதல் சாம்பியன் நம்ம சாட்ஸ்வொர்த் அணி! கோச் கார்டன் இகெசுண்ட். பிறகு பைரட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸையும் சேர்த்து நாலு வேறு கிளப்புகளோடு நாலு லீக் ஜெயித்தார். நாலு கிளப்பில் பட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோம். பட்டம் வாங்கிக் கொடுத்தவரே ஓரிடத்தில் வேர் விடவில்லை என்பதும் அதே கணக்குதான். 2013இல் தேசிய அணி கோச்சாக, நம்ம டர்பனிலேயே ஆப்பிரிக்கக் கோப்பைக் காலிறுதியில் மாலியிடம் பெனல்டியில் தோற்றார். அவருக்கு வைத்த மேண்டேட் அரையிறுதி.

லாடியம்: மான்செஸ்டர் யுனைட்டட் பத்தி ஒரு வரி?

கோச் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தம் நீட்டினார்கள், அக்டோபரில் அனுப்பினார்கள். ஒரு வரி போதும்.

நியூகாஸில்: எனக்கு 24 வயசு அங்கிள், கோச்சிங் லைசன்ஸ் படிக்கிறேன். அப்பா வேண்டாங்கறார். என்ன சொல்றீங்க?

அப்பாவிடம் சண்டை போடாதே, படி. பள்ளியிலோ அகாடமியிலோ ஒரு நிலையான வேலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பி. முதல் கிளப்பு ஒப்பந்தம் வந்தால் மேண்டேட் வரியைத் தனியாக ஒருமுறை படி. "முன்கூட்டியே பிரிந்தால் எத்தனை மாதச் சம்பளம், எத்தனை நாளுக்குள்" என்று எண்ணில் எழுதச் சொல். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்றால் கையெழுத்துப் போடாதே. ஃபீனிக்ஸ் தங்கச்சி சட்டம் படிக்கிறாள், நம்பர் தருகிறேன்.