ஏறக்குறைய ஒன்றுபோல

அன்புள்ள ஐயா,

எங்கள் கூடத்துச் சுவரில் சோபா உரசி உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்துவிட்டது. பட்டி வைத்துத் தேய்த்து, டப்பாவில் மிச்சமிருந்த அதே பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடித்தேன். ஒட்டுப் போட்டதுபோல் தெரிந்தது. மறுபடி அடித்தேன், பெரிதானது. மூன்றாம் முறைக்குப் பிறகு இப்போது தலையணை அளவில் நிற்கிறது. காலையில் பளிச்சென்று தெரிகிறது, இரவில் விளக்குப் போட்டால் மறைந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு போட்டோ. மொபைலை வைத்து மட்டம் பார்த்தால் பூஜ்யம் காட்டுகிறது, கண்ணுக்குச் சாய்வாகத் தெரிகிறது. கூடத்தின் இரண்டு பல்புகளும் இரண்டு விதமான வெள்ளை. வீட்டில் வேறு யாரையும் இது தொந்தரவு செய்யவில்லை. எனக்கு ஓ.சி.டி. என்கிறார்கள். இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் இருக்கக் கண்ணை எப்படிப் பழக்குவது? எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி இருக்கிறது. நூறு நிறம், நூறு உயரம். அது ஏனோ உறுத்துவதே இல்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அலமாரியைப் பற்றிய அந்தக் கடைசி வரிகளைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அவைதான் கடிதம். சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்தில் நேராக வந்து கை வைத்துவிட்டீர்கள்.

அதற்கு முன் அந்த ஓ.சி.டி. பேச்சை முடித்துவிடுவோம். அது ஒரு நோயின் பெயர். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கி, தூக்கத்தையும் வேலையையும் கெடுப்பது. உங்களுக்கு அப்படி இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை உங்கள்மேல் யாரும் ஒட்ட விடாதீர்கள். அந்த நோயோடு உண்மையிலேயே மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் அது அவமரியாதை. உங்கள் கண் சரியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு சரியாக என்று சொல்கிறேன். மூன்று மீட்டர் தள்ளி நின்று இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்க, அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய 0.9 மி.மீ. இடைவெளி வேண்டும். சாதாரணப் பார்வையின் எல்லை அது. ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்த இரண்டு கோடுகளில் ஒன்று பக்கவாட்டில் விலகியிருந்தால், அந்த அளவில் ஆறில் ஒரு பங்கு விலகலையே கண் பிடித்துவிடும். வெளிச்சம் நன்றாக இருந்தால் அதைவிடக் குறைவையும் பிடிக்கும். 1631-ல் பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் விவரித்த அளவுகோல் இந்தத் திறமையை நம்பித்தான் நிற்கிறது. வெர்னியர் காலிப்பரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று வெறுங்கண்ணால்தானே படிக்கிறோம்? தச்சர்கள் 'ஒரு நூல் தள்ளியிருக்கு' என்பார்களே, அந்த நூல் எட்டில் ஒரு அங்குலம், மூன்று மி.மீ.க்குச் சற்று அதிகம். கண்ணைப் பொறுத்தவரை அது மலை. இப்படிப்பட்ட கண்ணைப் பார்க்காமலிருக்கப் பழக்கு என்றால் அது கேட்காது.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். சிவப்பு முதுகுக்குப் பக்கத்தில் பச்சை முதுகு, அதற்குப் பக்கத்தில் குட்டையான மஞ்சள். அங்கே எதையும் எதோடும் பொருத்திப் பார்க்கக் கண்ணுக்கு வேலையே இல்லை. சுவர் அப்படியல்ல. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நான் ஒரே நிறம் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது. நடுவில் கிட்டத்தட்ட அதே நிறம் வந்து உட்கார்ந்தால் அது பொய்யாகப் படுகிறது. வித்தியாசம் யாரையும் உறுத்துவதில்லை. 'ஏறக்குறைய ஒன்றுபோல' இருப்பதுதான் உறுத்துகிறது. ஒன்றாக்க முடிந்தால் முழுக்க ஒன்றாக்குங்கள். முடியாதென்றால் வேண்டுமென்றே பிரித்துக் காட்டுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

நல்ல தச்சருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் மரச்சட்டத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நிலையின் விளிம்போடு விளிம்பாக அடித்திருக்க மாட்டார். ஐந்து மி.மீ. தள்ளி, ஒரு சின்னப் படி தெரியும்படி விட்டிருப்பார். ஈரக்காற்றில் மரம் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். இன்று விளிம்போடு விளிம்பாக நிற்பது நாளை அரை மி.மீ. துருத்தும், அந்த அரை மி.மீ.யைக் கண்ணும் பிடிக்கும், விரலும் பிடிக்கும். ஐந்து மி.மீ. படி ஐந்தரை ஆனால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியும்படி விட்ட அந்தப் படி, தெரியக்கூடாத பிசகை மறைத்துவிடுகிறது. பழுப்பேறிய சுவிட்ச் பலகைகளுக்கு நடுவே ஒரே ஒரு புது வெள்ளைப் பலகையை மாட்டுகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். ஒரு பார்வையில் படுகிற எல்லாவற்றையும் மாற்றுங்கள், அல்லது எதையும் மாற்றாதீர்கள்.

பல்பு விஷயம் லேசானது. பெட்டியில் 3000 கே, 4000 கே, 6500 கே என்று எண் போட்டிருக்கும். எந்த விதமான வெள்ளை என்று சொல்லும் கெல்வின் எண் அது. ஒரே எண், ஒரே தயாரிப்பு, ஒரே நாளில் இரண்டு வாங்கி இரண்டையும் மாற்றுங்கள்.

சுவருக்கு வருகிறேன். இங்கே உங்கள்மேல் கோபம்தான் வருகிறது. முதல் முறை தெரிந்தது, சரி. இரண்டாம் முறை பெரிதானது. அங்கேயே நிறுத்த வேண்டாமா? எது தவறு என்று பார்க்காமல் அதே தவறை மூன்றாம் முறையும், இன்னும் அகலமாகச் செய்திருக்கிறீர்கள்.

நிறம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நிறமாக இருக்காது. காலையில் தெரிந்து இரவில் மறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சம் சுவரைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வருகிறது, மேலே இருக்கும் விளக்கு அப்படி வருவதில்லை. சுவருக்கு நேர் எதிரே நின்று பாருங்கள். பிறகு சுவரை ஒட்டி நின்று நீளவாக்கில் பாருங்கள். நேரே பார்க்கும்போது மங்கி, பக்கவாட்டில் எழுந்து வந்தால் அது பளபளப்பும் சொரசொரப்பும் செய்கிற வேலை. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி கருத்தோ வெளுத்தோ தெரிந்தால்தான் நிறம். சுவர் சில வருஷம் வெயிலும் தூசியும் தின்றிருக்கும், டப்பாவுக்குள் இருந்த பெயின்ட் தின்றிருக்காது. அந்த வேறுபாடும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

சொரசொரப்பு எப்படி மாறியது? சுவரை அடித்தவர்கள் ரோலரால் அடித்திருப்பார்கள். ரோலர் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்ணிய புள்ளிகளை விட்டுச்செல்லும். பிரஷ் கோடு கோடாக விடும். ஒரே பெயின்ட்தான், ஆனால் இரண்டிலும் வெளிச்சம் வேறு வேறு பக்கம் சிதறும். பளபளப்பு எப்படி மாறியது? பட்டி உறிஞ்சும். பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் பட்டியின்மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் அதிலுள்ள பசையைப் பட்டி குடித்துவிடும், மேலே நிறத்தூள் மட்டும் மங்கலாக நிற்கும். உங்கள் கடிதத்தில் பிரைமர் என்ற சொல்லே இல்லை. போதாததற்கு, மூன்று பூச்சின் ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடித்திருக்கும். தலையணைக்கு உறை தைத்ததுபோல் ஒரு விளிம்பு தெரிகிறதா? அதுதான்.

அந்த விளிம்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கார்ன்ஸ்வீட் என்ற உளவியலாளர் பெயரில் ஒரு கண் மாயை உண்டு. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே சாம்பல் நிறம். நடுக்கோட்டை ஒட்டி மட்டும் ஒரு பக்கம் லேசாக வெளுத்து, மறுபக்கம் லேசாகக் கருத்திருக்கும். பார்க்கிறவருக்கு ஒரு பாதி முழுவதும் வெளுப்பாகவும் மறு பாதி முழுவதும் கருப்பாகவும் தெரியும். நடுக்கோட்டின்மேல் ஒரு பென்சிலை வைத்து மறைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். உங்கள் சுவரிலும் இதைச் செய்து பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் காகிதம் வெட்டி, ஒட்டின் ஒரு பக்கத்து விளிம்பை மறைத்துப் பிடியுங்கள். உறுத்தலில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ஆகவே விளிம்பே இல்லாமல் முடிக்க வேண்டும். சுவரில் அதற்கு ஒரே இடம் மூலை. மூலையில் இரண்டு சுவர்கள்மேலும் வெளிச்சம் வெவ்வேறு விதமாக விழுவதால் அங்கே எப்படியும் நிழல் மாறும், கண் ஒப்பிடாது. முழுச் சுவரையும் மூலைக்கு மூலை அடியுங்கள். பக்கத்துச் சுவர்களைத் தொட வேண்டாம்.

முதலில் தடித்த ஓரங்களை 180-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள், விரல் ஓட்டினால் படி தட்டக்கூடாது. தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, தேய்த்த இடம் முழுவதும் பிரைமர். அது காய்ந்ததும் ஜன்னலை மூடிவிட்டு, இருட்டில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் நிழலாக விழும், இப்போதே சரிசெய்யுங்கள். பழைய பெயின்ட் போதாமல் புது டப்பா வாங்கினால், தொடங்குவதற்கு முன்பே இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றி அடிவரை கலக்குங்கள். பாதிச் சுவரில் டப்பா மாறினால் அங்கே ஒரு கோடு நிச்சயம். தண்ணீரைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் டப்பாவில் சொல்லியிருக்கும் அளவை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பிரஷ்ஷால் மூலையோரத்தில் ஐந்து செ.மீ. மட்டும் அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓரம்வரை கொண்டுபோங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முன்பு அடித்த பட்டையின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு ஏற வேண்டும், நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். கடைசி இழுப்பு எல்லாம் மேலிருந்து கீழாக, ஒரே திசையில். இரண்டு பூச்சு.

போட்டோ பற்றியும் கேட்டிருந்தீர்கள். மொபைலின் கேமரா மேடோ பக்கத்துப் பொத்தானோ சட்டத்தில் முட்டினால் அது காட்டும் பூஜ்யம் பூஜ்யமே அல்ல. முனை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள், எண் மாறினால் வேறுபாட்டில் பாதி அதன் பிழை. மொபைல் சரியாகவே இருந்தால் மேலே பாருங்கள், தம்பி. கூரை விளிம்பு சாய்ந்திருக்கும். 60 செ.மீ. அகலச் சட்டத்தில் ஐந்து மி.மீ. ஏற்ற இறக்கம் அரை டிகிரிதான், ஆனால் ஒரு சாண் தூரத்தில் இன்னொரு கோடு ஓடினால் அது அப்பட்டமாகத் தெரியும். கூரைக்கு அவ்வளவு அருகில் மாட்டுவதாக இருந்தால் ரசமட்டத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பின்பற்றுங்கள். வெற்றுச் சுவரின் நடுவில் என்றால் ரசமட்டம். எப்படியானாலும் ஒற்றை ஆணி வேண்டாம், கதவு அறைந்து சாத்தும்போதெல்லாம் கம்பி அதன்மேல் நகரும். 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு கொக்கி அடியுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள்.

ஆனால் அடித்த மறுநாளே மாட்டிவிடாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் பெயின்ட் உள்ளே இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் மாட்டினால் ரப்பர் பொட்டு அதில் ஒட்டிக்கொண்டு, என்றாவது சட்டத்தை நகர்த்தும்போது ஒரு காசு அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு வரும். நீங்கள் மறுபடி அந்தப் பிரஷ்ஷைத் தேடிப் போவீர்கள்.